சிரிப்புப் படக்கதை, சிறுவர் கதை, பிள்ளை வளர்ப்பு: சில புத்தகங்களை மட்டும் ஏன் விடவே முடிவதில்லை?

மாடிவீட்டு வாசகன்

கால்வின் அண்ட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கச் சிரிப்புப் படக்கதையைப் படிப்பவர்கள் எல்லாரும் கால்வின் என்ற வாண்டைப் பற்றியும் அவனுடைய பொம்மைப் புலி ஹாப்ஸைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தவர் கால்வினின் அப்பா. 1985 நவம்பரில் ஆரம்பித்து 1995 டிசம்பர் 31 வரை ஓடிய தொடர். கடைசிவரை அந்த மனிதருக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை, அதை எழுதி வரைந்த பில் வாட்டர்சன். காப்புரிமை வக்கீல். சைக்கிள் பைத்தியம். எந்தக் கஷ்டத்துக்கும் 'இது உன் குணத்தை வளர்க்கும்' என்று ஒரே மருந்து.

பழைய போட்டோவெல்லாம் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது என்று பையன் கேட்கிறான். அப்பா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அதெல்லாம் கலர் போட்டோதான், அப்போது உலகமே கறுப்பு வெள்ளை, 1930களில்தான் உலகத்துக்குக் கலர் வந்தது என்கிறார். அப்படியானால் பழைய ஓவியங்கள் எப்படிக் கலரில் இருக்கின்றன? பெரிய ஓவியர்களில் நிறையப் பேர் பைத்தியம். சரி, பெயின்ட் சாம்பல் நிறமாகத்தானே இருந்திருக்கும்? இருந்தது, பிறகு மற்ற எல்லாவற்றையும்போல அதுவும் கலராக மாறியது. அப்படியென்றால் போட்டோ ஏன் மாறவில்லை? அதுதான் சொன்னேனே, அது கறுப்பு வெள்ளை உலகத்தின் கலர் போட்டோ! வக்கீல் இல்லையா, ஒரு ஓட்டை விடவில்லை.

பாலத்தில் எழுதியிருக்கிற எடை வரம்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று இன்னொரு நாள் கேள்வி. பெரிய பெரிய லாரியாக ஓட்டிக்கொண்டே இருப்பார்கள், பாலம் உடைந்ததும் கடைசி லாரியை எடை போட்டுவிட்டு, பாலத்தைத் திரும்பக் கட்டுவார்கள் என்று பதில். பக்கத்தில் இருக்கிற அம்மா, தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லித் தொலையுங்களேன் என்கிறாள்.

என் கட்சி இதுதான். பிள்ளைகளை வைத்து எழுதின எத்தனையோ புத்தகம் வருகிறது, போகிறது. பெரியவர்களும் சேர்ந்து அசடு வழிய மாட்டிக்கொள்கிற புத்தகங்கள்தான் நிற்கின்றன. சிரிப்புப் படக்கதைக்கும் சரி, சிறுவர் கதைக்கும் சரி, பிள்ளை வளர்ப்புப் புத்தகத்துக்கும் சரி, இதே கணக்குதான் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

சிவகாசி ரசிகன்

மறுக்க வரவில்லை, ஆள் சேர்க்க வந்தேன். லயன், முத்து காமிக்ஸ் வழியாக லக்கி லூக் என்ற கௌபாய் படக்கதையைத் தமிழில் படித்து வளர்ந்த கூட்டத்துக்கு ரெனே கோசினி தெரிந்த பெயர்தான். லக்கி லூக்கை உருவாக்கியவர் மோரிஸ். 1955லிருந்து கதை எழுத வந்தவர் கோசினி. டால்டன் சகோதரர்கள் என்ற கொள்ளைக்காரர்களின் முட்டாள்தனமும், எஜமானை ஓரக்கண்ணால் பார்க்கிற ஜாலி ஜம்பர் குதிரையும் அவர் கையில்தான் அந்த ருசிக்கு வந்தன. அதே மனிதர் எழுதிய இன்னொன்று நம் ஊரில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: குட்டி நிக்கோலா. படம் சாம்பே. 1959 அக்டோபர் 29 தேதியிட்ட பிலோட் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையின் முதல் இதழை எடுத்துப் பார்த்தால் ஆஸ்டெரிக்ஸும் இருப்பான், நிக்கோலாவும் இருப்பான்.

நிக்கோலா தானே கதை சொல்கிறான். மூச்சு விடாமல், 'அப்புறம்... அப்புறம்...' என்று நம் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூடக் கழற்றாமல் சொல்லுமே, அந்தத் தினுசு. அப்பாக்களைப் பற்றிச் சொன்னீர்களே, சைக்கிள் கதையைப் படியுங்கள். கணக்கில் முதல் பத்துக்குள் வந்தால் சைக்கிள் என்று அப்பா வாக்குக் கொடுக்கிறார். வகுப்பில் ஆளே குறைவாக இருந்த ஒரு நாளில் பையன் பத்தாவதாக வந்துவிடுகிறான். சைக்கிள் வருகிறது. அதன் பிறகு பையன் அதில் எங்கே ஏறினான்? அப்பா, நான் அந்தக் காலத்தில் சாம்பியன் ஆகவேண்டியவன் என்று ஆரம்பிக்க, பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்க, இரண்டு பேரும் போட்டி வைத்துத் தெருவைச் சுற்ற, கடைசியில் நசுங்கிப் போனது பையனுடைய சைக்கிள்.

இதில் அழகு என்னவென்றால் நிக்கோலாவுக்கு அப்பாவை மட்டம் தட்டுகிறோம் என்ற எண்ணமே கிடையாது. பார்த்ததைச் சொல்கிறான், அவ்வளவுதான். சிரிப்பது நாம்.

குறுக்குக்கேள்வி

எல்லாம் சரி. அப்படியானால் சுப்பாண்டியை என்ன செய்வீர்கள்? 1983லிருந்து டிங்கிள் என்ற சிறுவர் பத்திரிகையில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான். திருச்சி வாசகர் ஒருவர் அனுப்பி வைத்த கதைகளிலிருந்து பிறந்த ஆள், ஆக ஒரு வகையில் நம்மூர்க்காரன். அங்கே மாட்டிக்கொள்கிற அப்பா இல்லை, அம்மா இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்து காரியத்தைக் கெடுக்கிற ஒரு வேலைக்காரன் மட்டும்தான். ஆறு வயதுப் பிள்ளை சுப்பாண்டியைப் படித்துவிட்டு உருண்டு உருண்டு சிரிப்பது எதற்காக? 'எனக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியவில்லை' என்பதற்காக. நாள் முழுக்க 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்று கேட்டுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அது எப்பேர்ப்பட்ட விருந்து! பெரியவர் மாட்டுவதெல்லாம் உங்களைப்போல நடுவயதுக்காரர்களுக்கு ஆறுதல். பிள்ளைகள் படிக்கிற காரணம் வேறு.

திண்ணை

குறுக்குக்கேள்வி தம்பி, சுப்பாண்டிக்குத் தாத்தாவின் தாத்தா தமிழில் இருக்கிறார். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு. 1822ல் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சுப் போட்டார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். பெயரிலேயே பாதிக் கதை முடிந்தது.

ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க மட்டி கொள்ளிக்கட்டையோடு போகிறான். தண்ணீரில் வைத்தால் 'சுர்' என்று புகைகிறது. ஐயோ, விழித்திருக்கிறது! பிறகு அதே அணைந்த கட்டையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். சத்தம் இல்லை. தூங்கிவிட்டது, ஓசைப்படாமல் கடந்துவிடலாம். கரையேறியதும் ஆளை எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒப்பாரி.

இங்கேதான் கவனிக்கவேண்டும். சீடர்கள் மட்டும் முட்டாள்கள் என்றால் இது சாதாரண மடையர் கதை. குருவும் எண்ணிப் பார்க்கிறார், அவருக்கும் ஐந்துதான் வருகிறது! வழிகாட்ட வேண்டியவரே வரிசையில் நின்று அழுகிறார். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்கிவருவது சீடர்கள், அதை நம்புவது குரு. ஆகவே மாடிவீட்டுக்காரர் சொல்வது இங்கேயும் செல்லும். சுப்பாண்டிக்கு மட்டும் செல்லாது, அது தம்பிக்கே விட்டேன்.

அப்புசாமித் தாத்தாவை யாரும் சொல்லவில்லையே? 1963லிருந்து குமுதத்தில். பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் எழுத, ஜெயராஜ் படம். கைச்செலவுக்கு மனைவி சீதாப்பாட்டியிடம்தான் நிற்கவேண்டும். பாட்டியோ பா.மு.க., அதாவது பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தின் தலைவி, இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். கிழவர் ரசகுண்டு, பீமாராவ் வகையறாக்களோடு கூடித் திட்டம் போட்டு, அந்தத் திட்டம் கவிழ்ந்து, கடைசியில் பாட்டி முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். அது என்ன? பரீட்சைப் பேப்பரில் கையெழுத்து வாங்க நிற்கிற பையன்தானே? எழுபது வயதில் ஒரு வாண்டுப்பயல். குமுதம் வீட்டுக்கு வந்தால் எங்கள் அப்பாவும் நானும் யார் முதலில் என்று அடித்துக்கொள்வோம்.

ரெட்டைவால் அம்மா

பிள்ளை வளர்ப்புப் புத்தகம் என்று தலைப்பில் போட்டுவிட்டு எல்லாரும் காமிக்ஸ் பக்கமே ஓடிவிட்டீர்கள். அந்த மூலையை நான் பெருக்குகிறேன்.

எனக்கு இரட்டைப் பையன்கள். அவர்கள் பிறந்தபோது வாங்கினதும் பரிசாக வந்ததுமாக ஓர் அடுக்குப் புத்தகம் சேர்ந்தது. பெரும்பாலானதைப் படித்தால் தப்பு செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் அறையில் நிற்கிற மாதிரி இருக்கும். இதைச் செய்யாதீர்கள், அதனால் குழந்தையின் மனம் பாதிக்கும். அதையும் செய்யாதீர்கள், அதனாலும் பாதிக்கும். ராத்திரி மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு படிக்கிறவளுக்கு அது தேவையா?

தப்பிப் பிழைத்தது அடேல் ஃபேபரும் இலேன் மாஸ்லிஷும் எழுதிய 'ஹவ் டு டாக் சோ கிட்ஸ் வில் லிசன்'. 1980ல் வந்தது. குழந்தை உளவியலாளர் ஹைம் ஜினாட் நடத்திய வகுப்புகளில் உட்கார்ந்து கேட்ட இரண்டு அம்மாக்கள். முதல் அத்தியாயம் தொடங்குவதே எப்படித் தெரியுமா? பிள்ளை பெறுவதற்கு முன்னால் நான் அருமையான தாயாக இருந்தேன், மற்றவர்கள் வீட்டுப் பிரச்சினைக்கெல்லாம் காரணம் தெரிந்த நிபுணியாக இருந்தேன், அப்புறம் எனக்கே மூன்று பிறந்தது என்று. அந்த இடத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம். அது பாதிப் படக்கதை! கிம்பர்லி ஆன் கோ வரைந்த கட்டம் கட்டமான படங்கள். ஒரு பையனுடைய ஆமை செத்துப்போகிறது. முதல் பக்கத்தில் அப்பா, அழாதே, ஆமைதானே, வேறு வாங்கித்தருகிறேன் என்கிறார். பையன் இன்னும் பெரிதாகக் கத்துகிறான், அப்பாவுக்குக் கோபம் வருகிறது. அடுத்ததில் அதே ஆமை, அதே அப்பா. ஆனால் புத்திமதி சொல்லவில்லை. அடடா, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடுவீர்களே என்கிறார். அவன் ஆமைக்கு வித்தை கற்றுக்கொடுத்ததையும் தினமும் சாப்பாடு போட்டதையும் சொல்லிச் சொல்லி ஆறுகிறான். இதையே பத்தி பத்தியாக எழுதியிருந்தால் தூங்கியிருப்பேன். முதல் படத்து அப்பாவின் முகத்தில் என் முகம் தெரிந்ததால்தான் ஒட்டியது.

எல்லாம் பலிக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கொடுக்க முடியாததைக் கற்பனையிலாவது கொடு என்று ஒரு உத்தி. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா கேட்டான் சின்னவன். 'எனக்கு மட்டும் மந்திரம் தெரிந்தால் ஒரு அண்டா சால்னாவோடு நூறு பரோட்டா வரவழைப்பேனே' என்றேன், புத்தகத்தில் சொன்ன அதே குரலில். 'மந்திரம் எதுக்கும்மா, போன்ல ஆர்டர் போடு' என்றான் பெரியவன்.

சிவகாசி ரசிகன்

பெரியவனை இந்த இழைக்குச் சேர்த்துவிடுங்கள் அக்கா.

ஆறாம் வகுப்பு டீச்சர்

வணக்கம். நான் ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டோட்டோ-சான் பெயரை யாரும் எடுக்காததால் எழுதுகிறேன். டெட்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியது, டோட்டோ-சான் அவருடைய சின்ன வயதுச் செல்லப்பெயர். ஜப்பானில் 1981ல் வந்தது, தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் போட்டது. தமிழ்நாட்டில் ஆசிரியர் கூட்டம் எங்கே நடந்தாலும் யாராவது ஒருவர் பையில் இருக்கும்.

முதல் அத்தியாயங்களை வகுப்பில் சத்தமாக வாசிப்பேன். பிள்ளைகள் சிரிக்கிற இடம் ஒவ்வொரு வருடமும் ஒன்றேதான். டோட்டோ-சான் டெஸ்க் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாளே, அது. ஒரு நோட்டை எடுக்க ஒரு தடவை, பென்சிலுக்கு ஒரு தடவை, எழுத்து ஒன்றுக்கு ஒரு தடவை. அப்புறம் ஜன்னலில் நின்று தெருப் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுவாள். கூரையில் கூடு கட்டுகிற பறவையிடம் 'என்ன பண்றே?' என்று கேட்பாள். அந்த டீச்சர் பாவம்தான், எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. நாற்பது பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

புதுப் பள்ளியில் கோபயாஷி ஹெட்மாஸ்டர் அவளை உட்காரவைத்து, பேசவேண்டியதையெல்லாம் பேசு என்கிறார். நான்கு மணி நேரம் கேட்கிறார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய இடம் மலக்குழிக் காட்சி. பர்ஸ் கழிவறைக்குள் விழுந்துவிடுகிறது. நீளக் கரண்டி ஒன்றை எடுத்துவந்து பின்பக்கக் குழியைத் திறந்து அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறாள். மலைபோல் குவிந்துவிட்டது. அந்தப் பக்கம் வந்த ஹெட்மாஸ்டர் என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பர்ஸைத் தேடுகிறேன். ஓகோ. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, முடித்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்கிறார். அவ்வளவுதான்! இந்த இடத்தைப் படிக்கும்போது வகுப்பு 'உவ்வே' என்று கத்தும். பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல், 'நம்ம எச்.எம்.மா இருந்தா?' என்று வரும். அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

குறுக்குக்கேள்வி

டீச்சர், மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். டோட்டோ-சானைப் பெரியவர்கள் பெரியவர்களுக்குத்தானே பரிசளிக்கிறார்கள்? பிறந்தநாளுக்கு அது கிடைத்த பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? நமக்குக் கிடைக்காத பள்ளிக்கூடத்தை நினைத்து நாம் கண் கலங்குகிற புத்தகம் அது. ரயில் பெட்டி வகுப்பறை, 'கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம்' என்று மதியச் சாப்பாடு, எல்லாம் அழகு. சிரிப்புப் புத்தகம் என்று சேர்த்தால் ஒப்பமாட்டேன்.

ஆறாம் வகுப்பு டீச்சர்

பரிசாகக் கொடுத்தால் படிக்கமாட்டார்கள், சரிதான். படித்துக் காட்டினால் கேட்பார்கள்.

சிரிப்பு இல்லையா? யாசுவாகி-சானை மரத்தில் ஏற்றுகிற அத்தியாயம் வரைக்கும் வாருங்கள். இளம்பிள்ளை வாதம் வந்த பையன். யாருக்கும் சொல்லாமல் ஏணியை இழுத்து வந்து, கீழிருந்து தன் தலையால் அவனை முட்டி முட்டித் தள்ளுகிறாள். சிரிப்பும் பயமும் ஒன்றாக வரும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்திருந்தால் அந்த மரத்தில் அவன் ஏறியிருக்கவே முடியாது. அந்தப் புத்தகத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பெரியவரும் ஹெட்மாஸ்டர் இல்லை, அவளுடைய அம்மா. முதல் பள்ளியிலிருந்து விலக்கிவிட்டார்கள் என்பதை மகளுக்கு இருபது வயது தாண்டும்வரை சொல்லவே இல்லை. 'வேறு ஸ்கூலுக்குப் போகலாமா?' என்று மட்டும் கேட்டாள். எத்தனை பிள்ளை வளர்ப்புப் புத்தகத்தில் இது இருக்கிறது?

இன்னொரு உதாரணமும் தருகிறேன், உள்ளூரிலிருந்து. ஆர்.கே. நாராயணனின் ஸ்வாமி. அந்த நாவல் 1935ல் வந்தது. அப்பா கணக்குப் போடச் சொல்கிறார்: ராமனிடம் பத்து மாம்பழம், அவற்றை விற்றுப் பதினைந்து அணா சம்பாதிக்க நினைக்கிறான், கிருஷ்ணனுக்கு நான்கு பழம் போதும், அவன் எவ்வளவு கொடுக்கவேண்டும்? ஸ்வாமிக்கு ராமன் மேல் ஒரு சந்தேகம், கிருஷ்ணன் மேல் ஒரு பரிதாபம். கடைசியில் அப்பாவிடம் போய், மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று கேட்கிறான். அப்பா சிரிப்பை அடக்கிக்கொள்கிறார். கணக்கு டீச்சராக நான் இதை எதிர்க்கவேண்டும். ஆனால் பழுக்காத பழத்துக்கு யார் அந்த விலை கொடுப்பார்கள்?

மாடிவீட்டு வாசகன்

குறுக்குக்கேள்வி சொன்ன 'நடுவயதுக்காரர்களுக்கு ஆறுதல்' என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒத்துக்கொண்டே ஒரு இடத்தைக் காட்டுகிறேன்.

கால்வின் குடும்பம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறது. வீட்டில் திருடு போயிருக்கிறது. கால்வினுக்கு ஒரே கவலை, ஹாப்ஸைத் திருடிவிட்டார்களா என்று. அது கிடைத்துவிடுகிறது, அவன் தூங்கிவிடுகிறான். அப்பாவும் அம்மாவும் தூங்கவில்லை. அப்பா இருட்டில் உட்கார்ந்து யோசிக்கிறார்: சின்ன வயதில், பெரியவர்களுக்கு எது வந்தாலும் என்ன செய்யவேண்டும் என்று தெரியும் என நினைத்திருந்தேன். எல்லாமே அப்போதைக்கப்போது சமாளிப்புதான் என்று தெரிந்திருந்தால், பெரியவனாவதற்கு அவ்வளவு அவசரப்பட்டிருக்கமாட்டேன்.

இது பிள்ளைகள் பக்கத்தில் வருகிற துணுக்கு! பாலத்தை உடைத்து எடை போட்ட அதே அப்பா. அந்தப் புளுகெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இங்கேதான் தெரிகிறது. அவருக்கும் விடை தெரியாது. பத்து வயதில் என் மகள் இந்தப் பக்கத்தைச் சும்மா திருப்பிவிட்டுப் போனாள். அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரே புத்தகம், அவளுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். அதனால்தான் அது வீட்டில் கிழிந்துபோய்க் கிடக்கிறது.

ரெட்டைவால் அம்மா

ஒரு புகார். கால்வினின் அப்பாவைக் கொண்டாடுகிறவர்கள் எல்லாரும் அப்பாக்களாகவே இருக்கிறீர்கள். அவர் ஆபீஸிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஜோக் அடிக்கலாம். குளிப்பாட்டுவது, அந்தப் பச்சைக் கூழைச் சாப்பிட வைப்பது, பஸ்ஸுக்குத் துரத்துவது எல்லாம் யார்? பில் வாட்டர்சன் அந்த அம்மாவுக்குக் கொடுத்ததெல்லாம் வாயைப் பெரிதாகத் திறந்து கத்துகிற படங்கள்தான்.

அடிபட்டுக் கிடந்த ஒரு குட்டி ரக்கூனை (ஒரு சின்னக் காட்டு விலங்கு) பார்த்துவிட்டு கால்வின் அம்மாவிடம் ஓடிவருவானே, அப்போது மட்டும் அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. நீ ஏன் அம்மாவைக் கூப்பிட்டாய் என்று புலி கேட்காமலே நமக்கு விடை தெரியும். அது பிழைக்காது என்று அவள் மறைக்காமல் சொல்கிறாள். நான் சொன்ன ஆமைப் படத்துக்குப் பக்கத்தில் இதையும் வைத்துப் பாருங்கள். செத்துப்போன பிராணி, அழுகிற பையன், 'வேறு வாங்கித்தருகிறேன்' என்று யாரும் சொல்லவில்லை.

அம்மா சொல்லுகிற சிரிப்புக் கதை வேண்டுமென்றால் அமெரிக்க எழுத்தாளர் ஷர்லி ஜாக்சன். பேய்க்கதைக்காரி என்றுதான் பேர். 'லைஃப் அமங் தி சாவேஜஸ்', 1953, முழுக்க அவள் வீட்டு அமளி. அதிலேயே 'சார்ல்ஸ்' என்று ஒரு கதை. மகன் தினமும் பாலர் பள்ளியிலிருந்து வந்து, சார்ல்ஸ் என்ற பையன் செய்த அட்டூழியங்களைச் சொல்கிறான். வீடே அந்தச் சார்ல்ஸுக்கு அடிமையாகிவிடுகிறது. பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய அம்மாவை எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று இவள் போகிறாள். மீதியைச் சொல்லமாட்டேன். என் வீட்டிலும் இரண்டு சார்ல்ஸ்.

சிவகாசி ரசிகன்

கதையையே பேசிக்கொண்டிருக்கிறோம், படத்துக்கும் பங்கு உண்டு. சாம்பே வரைந்த நிக்கோலாவைப் பாருங்கள். பையன்கள் கட்டைவிரல் அளவுதான். பள்ளிக் கட்டடமும் சுவரும் பக்கம் முழுக்க. அடிதடி நடக்கிறது, ஆனால் அத்தனை பெரிய உலகத்தில் ஒரு மூலையில். வகுப்பு போட்டோ எடுக்கிற கதையில் ஒருவன் செவ்வாய்க்கிரகவாசி உடையில் வந்து நிற்பான், பணக்கார அப்பா வாங்கிக்கொடுத்தது. கழற்றமாட்டேன் என்பான். வாத்தியாரம்மா பாடு! வாட்டர்சன் இதற்கு நேர் எதிர். பையனின் கற்பனை வந்துவிட்டால் கட்டத்தையே உடைத்துக்கொண்டு டைனோசர் வரும். 1992ல் ஞாயிறு பக்கத்தைத் துண்டு போடாமல் முழுசாக வெளியிடவேண்டும் என்று போராடி வாங்கினார். பொம்மை, கோப்பை, சட்டை என்று ஹாப்ஸை விற்க அனுமதிக்கவே இல்லை. விற்றிருந்தால் அந்தப் புலி உயிருள்ளதா பஞ்சா என்ற கேள்வி கடையிலேயே முடிந்திருக்கும்.

சம்பந்தமில்லாமல் ஒரு துணுக்கு: டென்னிஸ் தி மெனஸ் என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு வாண்டுகள், அமெரிக்காவில் ஒன்று, பிரிட்டனில் ஒன்று. இரண்டும் வெளியான தேதி 1951 மார்ச் 12. ஒருவரை ஒருவர் பார்த்து எழுதவில்லை. குறும்புக்கும் சீசன் இருக்கிறது போல.

திண்ணை

கதை முடிவில் நீதி வைக்கிற வழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்புலிமாமாவில் எத்தனையோ நீதிக்கதை வந்தது, ஒன்றுகூட ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது வேதாளம். சங்கர் வரைந்த அந்த ஒரே படம்: வாள் பிடித்த ராஜா, தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாடு. வேதாளம் கதையைச் சொல்லிவிட்டு நீதி சொல்லாது. கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை வெடித்துவிடும் என்று மிரட்டும். விக்கிரமாதித்தன் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் சண்டை போட்டு ஒரு தீர்ப்புக்கு வந்திருப்போம். ராஜாவின் தீர்ப்பு பிடிக்காத நாளும் உண்டு. அக்கா மட்டும் எப்போதும் ராஜா கட்சி.

குறுக்குக்கேள்வி

இது எனக்குச் சாதகமான சாட்சி! பிள்ளையின் மூளைக்கு வேலை கொடுத்ததால்தான் அது நின்றது. பெரியவர் மாட்டிக்கொண்டதால் இல்லை. சுப்பாண்டியும் அதே ரகம்: எங்கே தப்பு நடந்தது என்று பிள்ளையே கண்டுபிடிக்கிறது, யாரும் விளக்குவதில்லை. அக்கா சொன்ன ஆமைப் படத்திலும் விளக்கம் கம்மி, பார்ப்பவள் கண்டுபிடித்தாள். மாடிவீட்டுக்காரர் கட்சியைக் கலைத்துவிட்டு என் கட்சியில் சேரலாம்.

மாடிவீட்டு வாசகன்

கூட்டணி வைத்துக்கொள்ளலாம், கலைப்பது பற்றிப் பொதுக்குழு முடிவு செய்யும். நிக்கோலாவின் சைக்கிளை நசுக்கியது யார் என்று கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு மூளை வேலை ஒன்றும் தேவையில்லை. கண்டுபிடித்த பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்க்குமே, அதுதான் என் கட்சி.

புதுவரவு

இவ்வளவையும் படித்தேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். பையனுக்கு ஒன்பது வயது. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பான், ஆங்கிலம் பரவாயில்லை. புத்தகம் என்றாலே ஓடுகிறான். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

ஆறாம் வகுப்பு டீச்சர்

அவன் கையில் கொடுக்காதீர்கள். நீங்கள் படித்துக் காட்டுங்கள். நிக்கோலாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்தியா பெல் செய்தது, ஆஸ்டெரிக்ஸுக்கும் அவர்தான், நன்றாக ஓடும். வாய்க்கு வந்தபடி தமிழில் சொல்லிக்கொண்டே போங்கள். பையன்களின் பிரெஞ்சுப் பெயர்கள் வாயில் நுழையாவிட்டால் அவன் வகுப்புப் பையன்களின் பெயரைப் போட்டுவிடுங்கள், தப்பில்லை. தமிழில் அவனே படிக்கப் பரமார்த்த குரு சரியாக இருக்கும், சிறுவர்களுக்காகச் சுருக்கின பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். வீரமாமுனிவரின் பழைய நடை அவனை விரட்டிவிடும்.

சிவகாசி ரசிகன்

லக்கி லூக் ஒன்றை வாங்கி அவனுக்குத் தராமல் நீங்களே படித்துச் சிரியுங்கள். கேட்டால், பெரியவர்கள் படிக்கிறது என்று சொல்லுங்கள்.

குறுக்குக்கேள்வி

சுப்பாண்டி. வேறு பேச்சே வேண்டாம்.

ரெட்டைவால் அம்மா

சைக்கிள் கதையில் பந்தயம் ஆரம்பிக்கிற இடம்வரை படித்துவிட்டு, அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து போய்விடுங்கள். புத்தகத்தை மட்டும் திறந்தபடி விட்டுவிட்டுப் போகவும். என் இரண்டிடமும் பலித்தது. பால் மட்டும் உண்மையிலேயே பொங்கிவிட்டது.

புதுவரவு

நன்றி. நிக்கோலாவும் சுப்பாண்டியும் இன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டேன். லக்கி லூக் எனக்கு.